தலையாட்டாத சம்பந்தி

பெண்ணைப் பெற்றவள் கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டாமல் விறைப்பாக நின்றால் என்ன ஆகும்? திருநெல்வேலிப் பக்கம் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அடுத்த மூன்று தலைமுறைக்கு அதையே பேசிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

பேராச்சிக்கு அந்தக் கதிதான் வந்தது. அதுவும் மகள் சஷ்மிதாவின் கல்யாணத்தன்று, பாளையங்கோட்டையில், தாலி கட்ட அரை மணி நேரம் இருக்கும்போது.

அதற்கு முந்தின நிமிஷம் வரை அவளைப் போலச் சந்தோஷமான பொம்பளை அந்த ஜில்லாவிலேயே கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து அவள் பார்வையைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. அப்போது சஷ்மிதா இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளை. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ஆஸ்பத்திரியில் பேராச்சியின் வலது கண்ணில் செயற்கைக் கண் பொருத்தினார்கள். கட்டை அவிழ்த்தபோது எதிரில் ஒரு வளர்ந்த பெண் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். "யாரும்மா நீ, எதுக்கு அழுத?" என்று கேட்டாள் பேராச்சி. அது மகள்தான்.

இந்தக் கதை நடக்கிற காலத்தில் செயற்கைக் கண் என்பது பல்செட் மாதிரி ஆகிவிட்டது. தெருவுக்கு இரண்டு பேராவது வைத்திருந்தார்கள். அந்தக் கண் பார்க்கவும் செய்யும், கூப்பிட்டால் இணையத்தைக் கண்ணுக்குள்ளேயே விரித்தும் காட்டும். காதுக்குப் பின்னால் ஒட்டிய சின்னத் தகடு வழியாகச் சத்தமும் வரும். ஏதாவது கேட்டால், ஆமாம் என்பதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்டினால் போதும். கடை கண்ணிக்குப் போனால் சாமான் மேல் இருக்கிற கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தாலே அதன் ஜாதகம் முழுக்கக் கண்ணில் வந்து நிற்கும்.

பேராச்சி அன்று காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். சமையல் கட்டில் எண்ணெயில் அப்பளம் பொங்குவதைப் பத்து நிமிஷம் நின்று பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் யார் யாருக்கு வழுக்கை விழுந்திருக்கிறது என்று சொந்தக்காரர்களைச் சுற்றி வந்து பார்த்தாள். "மதினி, அப்படி உத்துப் பாக்காதிய, கூச்சமா இருக்கு" என்று கொழுந்தன் ஒருத்தன் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். தாலி கட்டுகிறதைப் பார்க்க வேண்டும், அந்த நேரத்தில் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கண்ணை அவள் வேண்டி விரும்பி வைத்துக்கொண்டதே அதற்குத்தான்.

அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தவள் கண்ணில் சந்தன மேஜை மேல் ஒட்டியிருந்த ஒரு தாள் பட்டது. 'மணமக்களை வாழ்த்த இங்கே பார்க்கவும்' என்று எழுதி, கீழே கறுப்பு வெள்ளைக் கட்டம். நம்ம பிள்ளையை நாமே வாழ்த்தாவிட்டால் எப்படி என்று ஆசையாகப் பார்த்தாள்.

மண்டபமே மறைந்துவிட்டது. கண் முழுக்க ஒரு சிவப்புப் பலகை. காதுக்குள் தீயணைப்பு வண்டி மாதிரி ஒரு ஊளை.

'எச்சரிக்கை! உங்கள் கண்ணில் 37 வைரஸ்கள் கண்டறியப்பட்டன! 60 நிமிடங்களில் உங்கள் பார்வை நிரந்தரமாக அழியும்! கண்ணை அணைக்க வேண்டாம்! இலவசப் பாதுகாப்பைப் பெற மூன்று முறை தலையசைக்கவும்!'

பேராச்சி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இதென்ன அநியாயம், இன்னைக்குத்தானா வரணும்! பலகைக்கு இடது ஓரத்தில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளி தெரிந்தது. அதன் வழியாக யாரோ கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். "வாங்க, வாங்க" என்று பழக்க தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டாள்.

'ஒரு தலையசைப்பு பெறப்பட்டது. நன்றி!'

அந்த நன்றியைப் படித்து முடிப்பதற்குள் சின்ன மாமனார் வந்துவிட்டார். "என்ன தாயி, சௌரியமா?" என்றார். சௌரியம் என்று தலை தானாக ஆடியது.

'இரண்டு தலையசைப்புகள் பெறப்பட்டன. நன்றி! இன்னும் ஒன்றே ஒன்று!'

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஓசியில் கொடுக்கிறேன் என்கிறவன் எதற்கு இத்தனை அவசரப்படுகிறான்? எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆட்டுவோம் என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சரியாக அந்த நேரத்தில் நாயனச் சத்தம் கேட்டது. பிள்ளையார் கோவிலுக்குப் போயிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலமாக வந்து சேர்ந்தார்கள். கோவில்பட்டிக்காரர்கள், மானம் மரியாதை பார்க்கிற குடும்பம். முன்னால் வந்தது மாப்பிள்ளையின் அம்மா வள்ளிமயில். "வாங்க மதினி" என்று பேராச்சி கையைக் குவித்தாள். தலை இம்மி அசையவில்லை. வள்ளிமயிலும் கையைக் குவித்தாள். அவள் தலையும் அசையவில்லை. இரண்டு பேரும் ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி எதிரும் புதிருமாக நின்றார்கள்.

"பொண்ணப் பெத்தவளுக்குக் கழுத்து வளையாதாக்கும்" என்றது மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் ஒரு குரல்.

"அவுக சம்மந்தியம்மா மட்டும் வளைஞ்சா நிக்காவ?" என்றது பெண் வீட்டுக் குரல்.

கல்யாணம் களை கட்ட ஆரம்பித்தது.

பேராச்சி மெல்ல நகர்ந்து, காய்கறி மூட்டை போட்டிருந்த அறைக்குள் போய்ப் புருஷனையும் தம்பியையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். புருஷன் உச்சிமாகாளி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை மேலே அண்ணாந்து பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. தம்பி சுடலைமுத்துவுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. அவன் நேராகப் பேசிவிடுவான்.

"யக்கா, முப்பத்தேழு வைரஸா! இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? ஆட்டிரு" என்று அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்தே விட்டான்.

"கைய எடுல!" என்று பேராச்சி கத்தினாள். "எல, ஓசியில தாரேங்கான். எனக்கு அதுதான் சந்தேகமா இருக்கு."

உச்சிமாகாளி மேலே பார்த்தார். "முப்பத்திரண்டு வருசம் கம்பம் ஏறியிருக்கேன். கரண்டு போகப் போகுதுன்னு எந்தக் கம்பமும் ஊளை விட்டு நான் பாத்ததில்ல. கெட்டுப்போன சாமான் சத்தமில்லாமத்தான் கெட்டுப்போவும்."

"அத்தான், பலகையிலயே போன் நம்பரும் போட்டிருக்கான்னு அக்கா சொல்லுதா, நிபுணர் பேசுவாராம். அடிச்சுக் கேட்டிருவோமா?"

"களவாணிப்பய விலாசத்தக் களவாணிகிட்டயா கேப்பாவ?" என்று சொல்லிவிட்டு உச்சிமாகாளி மடியிலிருந்து ஆஸ்பத்திரிக் கார்டை எடுத்தார். கண் பொருத்திய அன்றைக்குக் கொடுத்த கார்டு. அதிலிருந்த நம்பரைத்தான் அடித்து, போனைப் பேராச்சி கையில் கொடுத்தார்.

எடுத்தது ஜெபசெல்வி. பேராச்சிக்குக் கண்ணைப் பழக்கிக் கொடுத்த பெண். பத்திரிகை வைத்திருந்தும் டியூட்டி மாற்ற முடியாமல் கல்யாணத்துக்கு வராதவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தலைய எத்தன தடவ ஆட்டுனீங்கம்மா?" என்றாள் முதலில்.

"ரெண்டு."

"ஸ்தோத்திரம். இனி ஆட்டாதீங்க. இப்ப ஒரு காரியம் செய்யுங்க. கண்ண மூடுங்க. மூடிட்டு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

பேராச்சி கண்ணை மூடினாள். ஊளைச் சத்தம் மட்டும் கேட்டது. "ஒண்ணும் தெரியல தாயி. இருட்டு. கீழ ஓரத்துல பச்சையா ஒரு சின்னப் புள்ளி."

"பலக?"

"இல்ல!"

"அப்பச் சரி. அம்மா, உங்க கண்ணுக்கு நிசமாவே கோளாறு வந்தா அது உள்ள இருந்து சொல்லும். கண்ண மூடினாலும் அந்த எழுத்து தெரியும். இது வெளிய இருந்து வந்த படம். நீங்க பாக்குற காட்சிக்கு மேல ஒட்டிக்கிட்டு நிக்குது, அதான் கண்ண மூடினா காணாமப் போகுது. உங்க கண்ணு நல்லா இருக்கு. அந்தப் பச்சப் புள்ளி அதத்தான் சொல்லுது."

"அப்ப முப்பத்தேழு வைரஸு?"

"ஒண்ணுகூட இல்ல. நிஜமான எச்சரிக்கை கத்தாது, நேரம் வச்சு மிரட்டாது, தலையாட்டச் சொல்லிக் கேக்காது. மூணாவது தடவ நீங்க ஆட்டியிருந்தா உங்க கண்ணுக்குச் சாவி அவங்க கைக்குப் போயிருக்கும். நீங்க பாக்குறதயெல்லாம் அவங்களும் பாப்பாங்க. அப்புறம் எத நீங்க பாக்கணும்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. இங்க ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்திருக்காரு. நாலு மாசமா அவருக்குப் பேப்பர விரிச்சா விளம்பரந்தான் தெரியுது, பேத்தி முகத்த மறைச்சுக்கிட்டு எண்ணெய் விளம்பரம் ஓடுது. வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாமலே இருந்திருக்காரு மனுசன்."

பேராச்சிக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "சவத்த மூதி! எங்க வந்து யாருகிட்ட!" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாண வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? உச்சிமாகாளி வாசலுக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்து, நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பலகைய எப்படித் தாயி எடுக்கது? மேல மூலையில பெருக்கல் குறி ஒண்ணு இருக்கு, அத உத்துப் பாத்தா மூடிக்கிடுமா?"

"ஐயோ, அதுவும் அவன் வச்சதுதாம்மா, சம்மதம்னு எடுத்துக்கிடுவான். கண்ணயே ஒரு தடவ அணைச்சு எழுப்பினாத்தான் போகும். அணையிற வார்த்தையச் சொன்னா உடனே அடங்கிரும். திரும்பத் தானா எழும்ப இருபது நிமிசம் ஆகும். தாலி எப்ப?"

"ஒம்பதே காலுக்கு மேல ஒம்பது இருபத்தஞ்சுக்குள்ள." ஜோசியர் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக் கொடுத்த நேரம் அது. அப்போதே மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

ஜெபசெல்வி கொஞ்சம் யோசித்தாள். "ஓரத்துல கொஞ்சம் தெரியுதுன்னீங்கல்ல? அது வழியா தாலி கட்டுறதப் பாத்துக்கிடுங்க. தலைய மட்டும் அசைக்காதீங்க. முடிஞ்சதும் அணைச்சுக்கலாம். அறுபது நிமிசங்கிறதெல்லாம் சும்மா பூச்சாண்டி."

நல்ல யோசனைதான். பேராச்சி ஒரு குடம் தண்ணீரைத் தலையில் வைத்திருக்கிற மாதிரி நடந்து மணமேடைக்குப் போனாள்.

மேடையில் மாப்பிள்ளை ப்ரணவும் சஷ்மிதாவும் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றவர்கள் எதிரில் நின்றார்கள். பேராச்சிக்குப் பக்கத்தில் வள்ளிமயில். பேராச்சி பலகை ஓரத்தில் இருந்த அந்த விரற்கடை வெளிச்சத்தை மகள் பக்கம் திருப்ப முயன்றபோது, நடுவில் வள்ளிமயிலின் முகம் அகப்பட்டது. பட்டுச் சேலையும் வைரத்தோடுமாக அவள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

"தாலித் தட்ட ஆசீர்வாதத்துக்குக் கொண்டு போகலாமாம்மா?" என்று கல்யாணத்தை நடத்தி வைக்க வந்திருந்த ஓதுவார் அவளிடம் கேட்டார். வள்ளிமயில் ஆமாம் என்று தலையாட்டவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாள். கழுத்து அப்படியே கல்லாக நின்றது.

பேராச்சி அந்தக் கழுத்தைப் பார்த்தாள். கர்வத்தில் விறைக்கிற கழுத்து வேறு மாதிரி இருக்கும்; அது பின்பக்கம் சாயும். இது நடுக்கத்தில் விறைத்த கழுத்து. இப்படியொரு கழுத்தைத்தானே இவ்வளவு நேரமாகப் பேராச்சியும் சுமந்துகொண்டு திரிகிறாள், அவளுக்குத் தெரியாதா? வள்ளிமயிலின் காதுக்குப் பின்னால், மல்லிகைப் பூவுக்கு அடியில், சின்னதாக ஒரு தகடு மினுங்கியது.

"மதினி" என்றாள் பேராச்சி உதடு அசையாமல். "செவப்புப் பலகையா?"

வள்ளிமயிலின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"எத்தன ஆச்சு?"

"ரெண்டு" என்றாள் வள்ளிமயில்.

பேராச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கும் ரெண்டு மதினி!"

"உங்களுக்குமா? ஐயோ, நான் உங்களுக்குத்தான் என்மேல கோவம்னு நெனைச்சேன்."

"நான் உங்களுக்குத் தலைக்கனம்னு நெனைச்சேன்!"

வள்ளிமயில் மூக்கை உறிஞ்சினாள். "சர்க்கரையில போன கண்ணு மதினி. ஆறு மாசத்துக்கு முன்னாலதான் இத வச்சாக. உங்ககிட்டச் சொல்லல. ஏற்கனவே உங்களுக்குக் கண்ணு போனது. எனக்கும் போச்சுன்னா, பொறக்குற பிள்ளைக்கும் வந்துருமோன்னு யோசிப்பீகளோன்னு பயந்துட்டேன். காலையில கோவிலுக்குப் போகையில அந்தத் தாளப் பாத்தேன். யாருகிட்டயும் சொல்ல வழியில்ல. சொன்னா கண்ணு விசயம் வெளிய வந்துருமே. பத்து நிமிசத்துக்கு முந்தி நேரம் பூச்சியத்துக்கு வந்துச்சு. செத்தேன்னு நெனைச்சேன். ஒண்ணும் ஆகல, திரும்ப அறுபதுல இருந்து ஓடுது."

"எமகண்டம் ஒரே நாள்ல ரெண்டு தடவ வாற ஊரு அவன் ஊருதான்" என்றாள் பேராச்சி. "அப்பவே தெரியலயா மதினி, அவன் புளுகுதான்னு?"

"தெரிஞ்சுச்சு. ஆனா நெஞ்சு கேக்கல. ஆட்டித் தொலச்சிரலாமான்னு வருது."

பேராச்சி கண்ணை மூடிப் பார்க்கிற பரீட்சையைச் சொல்லிக் கொடுத்தாள். வள்ளிமயில் மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள். "பச்சப் புள்ளி இருக்கு மதினி! இருக்கு!" என்றாள் பச்சைப்பிள்ளை மாதிரி.

தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்போது சஷ்மிதா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அந்த விரற்கடை வெளிச்சத்தில் பேராச்சிக்கு மகளின் ஒரு கண்ணும் பாதி மூக்கும் மட்டும் தெரிந்தன. 'என்னம்மா, சரியா?' என்று கேட்கிற பார்வை. சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்துக்கு மேடை ஏறும்போது பார்ப்பாளே, அதே பார்வை. பேராச்சியின் தாடை தானாகக் கீழே இறங்கியது. சட்டென்று பிடித்து நிறுத்தினாள். கழுத்து நரம்பு சுளுக்கிக்கொண்டது.

அம்மா தலையாட்டவில்லை என்றதும் மகள் முகம் வாடியது. அந்தப் பாதி முகத்திலேயே அது தெரிந்தது.

இன்னும் சற்று நேரத்தில் தாலி ஏறும்போது பிள்ளை மறுபடியும் இப்படிப் பார்ப்பாள். அப்போதும் மரக்கட்டையாக நிற்க முடியுமா? முடியாது. எந்தத் தாயாலும் முடியாது. தலை ஆடிவிடும், ஆடினால் சாவி போய்விடும்.

"மதினி, நான் கண்ணக் குளிர வைக்கப் போறேன்" என்றாள்.

"தாலி கட்டுறதப் பாக்க வேண்டாமா? அதுக்குத்தான கண்ணு வச்சீக?"

"வச்சேன்தான். ஆனா எம்மக என்னப் பாக்கையில நான் தலையாட்டணும். அந்தத் தலையாட்டு அவளுக்குள்ளது. எங்கயோ இருக்க களவாணிப்பய அத வாங்கிக்கிட்டு நன்றிம்பான், நான் கொடுக்கவா? நான் பாக்காட்டாலும் போகுது. நீங்களும் குளிர வைங்க. உங்க மவனுக்கும் நீங்க ஆட்டணும்லா?"

வள்ளிமயில் அவள் கையை இறுகப் பிடித்தாள். "எனக்குப் பயமா இருக்கு மதினி. ஒண்ணர வருசம் அந்த இருட்டுக்குள்ள கெடந்தேன். திரும்ப வராமப் போயிட்டா?"

"நான் ஒம்பது வருசம் குடியிருந்த வீடு மதினி அது. எந்த இடத்துல தூண் இருக்கு, எங்க வாசப்படி இருக்குன்னு எனக்கு அத்துப்படி. கையப் பிடிச்சுக்கிடுங்க, நான் கூட்டிட்டுப் போயிட்டுக் கூட்டிட்டு வாரேன்."

பிறகு பின்னால் நின்ற தம்பியிடம், "எல சுடல, நாங்க ரெண்டு பேரும் கண்ணக் குளிர வைக்கோம். பிள்ள அழுதிருவா, அவகிட்ட மூச்சு விட்டிராத" என்றாள். சுடலைமுத்து வாயைப் பொத்திக் காட்டினான்.

கல்யாண வீட்டில் விளக்கை அணை என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. குளிர வை என்போம். கண்ணுக்குத் தமிழ் பழக்கிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் அது தெரியும். முதலில் பொருத்திக்கொண்ட அம்மாமார்கள் ஒருத்தர்கூடத் தன் கண்ணைப் பார்த்து 'அணை' என்று சொல்ல மாட்டேன் என்று அடம் பிடித்ததில், இந்த வார்த்தையையும் கூடச் சேர்த்திருந்தார்கள். சிவப்புப் பலகைக்காரன் 'அணை', 'மூடு', 'நிறுத்து' என்று புத்தகத்தில் இருக்கிற வார்த்தைக்கெல்லாம் காவல் போட்டு வைத்திருந்தான். பாவம், அவனைப் பெற்றவள் எந்த ஊர்க்காரியோ, இதை மட்டும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

"குளிர வை" என்றாள் பேராச்சி.

"குளிர வை" என்றாள் வள்ளிமயில், அழுதுகொண்டே.

ஊளைச் சத்தம் பொசுக்கென்று நின்றது. பலகை போயிற்று. ஓரத்து வெளிச்சமும் போயிற்று. பச்சைப் புள்ளியும் மெல்ல அடங்கியது.

இருட்டு. பேராச்சி ஒரு மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். அவளுக்குத் துக்கமாக இருந்தது உண்மைதான். ஆனால் பலகை வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கழுத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மண்டபம் முழுக்கக் காது வழியாக உள்ளே வந்தது.

"கேளுங்க மதினி" என்று வள்ளிமயிலின் காதில் சொன்னாள். "தட்டு திரும்பி வந்துட்டு, தேங்கா உருளுற சத்தம் கேக்கா? இந்தா, உங்க மவன் எந்திரிக்கான். புதுப் பட்டு வேட்டி, மொடமொடங்குது. தாலியக் கையில வாங்கிட்டான், அதுல குண்டு ரெண்டும் இடிச்சுக்கிடுது. எம்மக குனியுதா, சடையில குஞ்சம் முன்னால வந்து விழுது. இப்ப..."

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஓதுவார் கத்தினார்.

மேளமும் நாயனமும் இடி மாதிரி இறங்கின. அட்சதை முகத்தில் வந்து விழுந்தது. மகள் இப்போது பார்க்கிறாள் என்று பேராச்சிக்குத் தெரிந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் தலையை ஆட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று, பத்து, இருபது என்று பேயாடுகிற மாதிரி ஆட்டினாள். பக்கத்தில் வள்ளிமயிலும் ஆட்டினாள். கொண்டை அவிழ்ந்து பூ உதிர்ந்தது.

"இம்புட்டு நேரமும் வச்சிருந்து இப்ப ஆட்டுத ஆட்டத்தப் பாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். இரண்டு சம்பந்திகளும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள்.

மேளம் நிற்கவில்லை.

பேராச்சி காத்திருந்தாள். கெட்டிமேளம் எவ்வளவு நேரம் அடிப்பார்கள் என்று அவள் காதுக்குத் தெரியும். மூன்று முடிச்சு விழுகிற நேரம், மிஞ்சிப் போனால் ஒரு நிமிஷம். இது ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. மேளக்காரரின் கை சளைத்துத் தாளம் பிசகுகிறது, மறுபடி விழுந்து எழுந்து பிடிக்கிறார். நாயனக்காரருக்கு மூச்சு வாங்குகிறது. கூட்டத்தில் கசமுசவென்று பேச்சு, நடுநடுவே சிரிப்பு.

"என்ன மதினி, எதுவும் ஆகிப்போச்சா?" என்றாள் வள்ளிமயில்.

"எல சுடல!" என்று கூப்பிட்டாள் பேராச்சி. தம்பி பின்னால் இல்லை. புருஷன் குரல்தான் கேட்டது: "ஒண்ணுமில்லட்டி, சும்மா நில்லு." அந்தக் குரலில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. அதற்கு மேல் அவளை யாரும் நகரவும் விடவில்லை. அந்தச் சில நிமிஷந்தான் அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. வள்ளிமயிலின் கையை அவளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டுக்குள் கீழ் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி முளைத்தது. பிறகு சாம்பல் நிறம், பிறகு மஞ்சள், பிறகு ஒரேயடியாக மண்டபம்.

சிவப்பு எங்கேயும் இல்லை. சஷ்மிதா உட்கார்ந்திருந்தாள், முழு முகத்தோடு. கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரே ஒரு முடிச்சு. மாப்பிள்ளையின் தங்கை தீட்சணா மணைக்குப் பின்னால் குனிந்து, கயிற்றின் இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்தபடி இடுப்பு ஒடிய நின்றுகொண்டிருந்தாள். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும், அதுதானே முறை? ஜோசியர் கடிகாரத்தையும் ஓதுவாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் காதுக்குப் பக்கத்தில் சுடலைமுத்து, திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான். அவன் வாயை நம்பினவளைச் சொல்ல வேண்டும்!

"யம்மா, வந்துட்டியா?" என்றாள் சஷ்மிதா.

"வந்துட்டேன்ட்டி!"

"நேரத்துக்கு ஒரு முடிச்சு விழுந்தாச்சு, ஜோசியர் கணக்கு அதோட தீந்துச்சு. மத்த ரெண்டும் நாத்தனார் பாடு, எம்பாடுன்னு சொல்லிட்டேன்."

தீட்சணா குனிந்தபடியே, "சீக்கிரம் சொல்லுங்க அண்ணி, இடுப்பு போகுது" என்றாள்.

"இரு தீட்சு. அத்தைக்கும் வரட்டும்."

மண்டபம் முழுக்க வள்ளிமயிலைப் பார்த்தது. வீட்டு ஆட்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று ஆறு மாதமாக அவள் பூவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த விஷயம், இப்போது முந்நூறு பேருக்கும் தெரிந்துவிட்டது. அந்த முந்நூறு பேரும் என்ன செய்தார்கள்? மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாசலில் 'வளைஞ்சா நிக்காவ' என்று பேசின பெண் வீட்டுப் பொம்பளைகூட, "அவுக கண்ணு நல்லபடியா எந்திரிக்கணும் தாயே" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

வள்ளிமயில் இரண்டு தடவை இமைத்தாள். முகம் மலர்ந்தது.

"தெரியுதா அத்த?"

"தெரியுதும்மா. நீதான் தெரியுற" என்றாள் வள்ளிமயில்.

தீட்சணா இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதைப் போட்டு இறுக்கினாள். பேராச்சி ஒவ்வொன்றையும் இமைக்காமல் பார்த்தாள். நூல் வளைந்ததையும் விரல் நுழைந்ததையும் மகளின் பிடரியில் வியர்வை உருண்டதையும் பார்த்தாள். இந்தப் பிறவிக்கு இது போதும் என்று தோன்றியது. சுற்றியிருந்தவர்கள் இரண்டாம் தடவையாக அட்சதை போட்டார்கள்.

மேளக்காரர் வேட்டியெல்லாம் நனைந்து, கை தொங்கிப் போய், மேடையை அண்ணாந்து பார்த்தார். "அம்மா, போதுமா? நிறுத்திரவா?"

இரண்டு சம்பந்திகளும் ஒன்றாகத் தலையை ஆட்டினார்கள். மேலும் கீழும் ஆட்டினார்கள், பக்கவாட்டில் ஆட்டினார்கள், சந்தோஷத்தில் எப்படியெல்லாம் வருகிறதோ அப்படியெல்லாம் ஆட்டினார்கள். அது 'போதும்' என்கிறதா, 'இன்னும் அடி' என்கிறதா என்று அந்த மனுஷனுக்கு விளங்கவில்லை. எதற்கு வம்பு என்று குச்சியை எடுத்து மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார்.